சரோத்தரில் பால் ஊற்றும் நேரம்

முதல் நாள்: ஆனந்த்

குஜராத்தின் வடோதராவில் இறங்கி, அகமதாபாத் பக்கம் போகும் பயணிகள் ரயிலுக்கு மாறினால், ஒரு மணி நேரத்திற்குள் ஆனந்த் வந்துவிடுகிறது. மகி ஆற்றைக் கடந்ததும் இருபுறமும் புகையிலையும் வாழையும் மாறி மாறி வருகின்றன. சரோத்தர் என்று இப்பகுதிக்குப் பெயர். மண் வளமானது என்பதைச் சொல்ல எந்தப் புள்ளிவிவரமும் தேவையில்லை. வண்டியின் சன்னல் போதும்.

இங்கே வருவதற்கு எனக்கு ஒரு சொந்தக் காரணம் உண்டு. எங்கள் ஊரில் அம்மா இரண்டு எருமைகள் வைத்திருந்தார். பக்கத்து ஊரிலிருந்து சைக்கிளில் வரும் பால்காரர் ஒருவர், நசுங்கிய படி ஒன்றால் அளந்து எடுத்துச் செல்வார். மாதக் கடைசியில் கணக்குப் பார்க்கும்போது, 'இந்த மாதம் நாலு நாள் தண்ணிப் பால்' என்று சொல்லிப் பணத்தைக் குறைப்பார். அம்மா ஒரு நாளும் தண்ணீர் கலந்தவரில்லை. ஆனால் அதை நிரூபிக்க எங்கள் வீட்டில் எந்தக் கருவியும் இல்லை, அவரிடமும் இல்லை. இருந்தது அவருடைய வாய்ச்சொல் மட்டுமே. எருமைகளை விற்ற நாளில் அம்மா அழவில்லை. படியை மட்டும் திட்டினார். பால் கூட்டுறவு கிராமத்தை முன்னேற்றும் என்று பலரும் எழுதுகிறார்கள். அது எந்த இடத்தில், எந்தக் கணத்தில் நிகழ்கிறது என்பதைப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியதற்கு அந்தப் படிதான் காரணம்.

மாலையில் ஊரைச் சுற்றினேன். 1940-களில் இங்கிருந்த பால், 400 கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கும் பம்பாய்க்கு ரயிலில் போய்க்கொண்டிருந்தது. 1945-இல் பம்பாய் அரசு தொடங்கிய பால் திட்டத்திற்காக, ஆனந்த் அப்போது அடங்கியிருந்த கெடா மாவட்டத்தில் பால் வாங்கும் உரிமை போல்சன் என்ற தனியார் நிறுவனத்திடம் இருந்தது. பம்பாய்க்காரர் கொடுக்கும் விலைக்கும் உற்பத்தியாளர் கைக்கு வரும் விலைக்கும் இடையே நின்றவர்கள் பலர். விவசாயிகள் சர்தார் படேலிடம் முறையிட்டார்கள். பாலைப் பதப்படுத்துவதும் விற்பதும் உங்கள் கையில் இருக்க வேண்டும் என்பது அவர் சொன்ன வழி. அவர் அனுப்பிய மொரார்ஜி தேசாயின் முன்னிலையில், 1946 ஜனவரி 4 அன்று, ஆனந்தை ஒட்டிய சமர்க்கா கிராமத்தில் கூட்டம் நடந்தது. ஊருக்கொரு சங்கம், சங்கங்கள் சேர்ந்து ஓர் ஒன்றியம், அரசு அந்த ஒன்றியத்திடம் மட்டுமே வாங்க வேண்டும் என்று முடிவானது. அரசு மறுத்தது, விவசாயிகள் பால் கொடுப்பதை நிறுத்தினார்கள்.

பதினைந்து நாட்கள். பால் கறந்துதான் ஆக வேண்டும். கறக்காவிட்டால் மாட்டுக்கு மடி வீங்கும். கறந்த பாலை விற்க முடியாது, வைத்திருக்கவும் முடியாது. நெல்லையோ பருத்தியையோ விற்க மறுப்பது வேறு, நான்கு மணி நேரத்தில் திரிந்துவிடும் பொருளை விற்க மறுப்பது வேறு. மாடு வளர்த்தவர்களுக்கு அந்தப் பதினைந்து நாட்களின் கனம் புரியும். இறுதியில் பம்பாயின் பால் ஆணையர் ஆனந்துக்கு வந்து இறங்கி, கோரிக்கையை ஏற்றார். திரிபுவன்தாஸ் படேலைத் தலைவராகக் கொண்டு 1946 டிசம்பர் 14 அன்று கெடா மாவட்டக் கூட்டுறவுப் பால் உற்பத்தியாளர் ஒன்றியம் பதிவானது. அமுல் என்று நாம் அறிவது இதைத்தான். தொடக்கத்தில் இரண்டே கிராமச் சங்கங்கள், நாளொன்றுக்கு 247 லிட்டர்.

இரவு விடுதியில் மோர் குடித்தேன். இங்கே சாஸ் என்கிறார்கள். எருமை மோர்தான், நாக்கு சொல்லிவிட்டது.

இரண்டாம் நாள்: ஒரு கிராமம்

நண்பர் ஒருவரின் அறிமுகத்தில், ஆனந்திலிருந்து அரை மணி நேரத் தொலைவில் உள்ள கிராமம் ஒன்றுக்கு விடியற்காலை ஐந்தரை மணிக்கே போய்ச் சேர்ந்தேன். பால் சங்கத்திற்கு இங்கே தூத் மண்டலி என்று பெயர். 'மந்திரி வந்துகொண்டிருக்கிறார்' என்று வாசலில் ஒருவர் சொன்னதும் நான் சால்வையை இழுத்துச் சரிசெய்துகொண்டு நின்றேன். வந்தவர் குரங்குக் குல்லாய் போட்டிருந்த ஒரு மெலிந்த மனிதர். சங்கச் செயலாளரைத்தான் குஜராத்தியில் மந்திரி என்கிறார்கள். அவர் சங்கம் சம்பளம் கொடுத்து வைத்திருக்கும் ஊழியர். அவருக்கு மேலே, உறுப்பினர்கள் தேர்ந்தெடுத்த நிர்வாகக் குழுவும் தலைவரும் இருக்கிறார்கள். ஐம்பது எருமை வைத்திருப்பவருக்கும் ஓர் எருமை வைத்திருப்பவருக்கும் ஒரே ஓட்டு.

ஆறு மணிக்கு வரிசை நின்றுவிட்டது. எவர்சில்வர் தூக்குகள், சிறிய அலுமினிய கேன்கள், ஒரு சிறுமியின் கையில் மூடி தொலைந்த டிபன் பாத்திரம். பால் எடைத்தட்டில் ஊற்றப்படுகிறது. அதிலிருந்து ஒரு சிறு கிண்ணத்தில் மாதிரி எடுத்துக் கருவியில் வைக்கிறார்கள். சில நொடிகளில் எடை, கொழுப்பு, கொழுப்பல்லாத இதரச் சத்து, தொகை எல்லாம் திரையில் வருகின்றன. நான் முதலில் கவனித்தது அந்தத் திரை எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது என்பதைத்தான். மந்திரி பக்கம் ஒன்று. பால் ஊற்றுபவர் பக்கம், கண் உயரத்தில், பெரிய சிவப்பு எண்களோடு இன்னொன்று. அச்சடித்த துண்டுச் சீட்டு கைக்கு வருகிறது. எழுதப் படிக்கத் தெரியாத மூதாட்டி ஒருவர் சீட்டைப் பார்க்காமல் திரையைப் பார்த்தார், எண்ணை முணுமுணுத்தார், நகர்ந்தார். எண்கள் மட்டும் அவருக்குத் தெரியும்.

இங்கே விலை லிட்டருக்கு அல்ல, கிலோ கொழுப்புக்கு. இதை விளங்கிக்கொள்ள எனக்கு இரண்டு தேநீர் தேவைப்பட்டது. எனக்கு முன்னால் நின்ற பெண் ஊற்றியது 4.3 கிலோ எருமைப் பால், கொழுப்பு 6.8 சதவீதம். அப்படியானால் அந்தப் பாலில் கொழுப்பு ஏறத்தாழ 292 கிராம். கிலோ கொழுப்புக்கு, எளிமைக்காக, 800 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் அவருக்கு 234 ரூபாய் சேரும். இப்போது அவர் ஒரு லிட்டர் தண்ணீரை அதில் கலந்துவிட்டார் என்று நினைத்துக்கொள்வோம். எடை 5.3 கிலோவாக உயரும், கொழுப்பு 5.5 சதவீதமாக இறங்கும். மொத்தக் கொழுப்பு அதே 292 கிராம்தான். தண்ணீருக்குக் காசு கிடையாது. இதரச் சத்து குறைந்து, பாலே திருப்பி அனுப்பப்படலாம். யாரையும் யாரும் சந்தேகிக்கத் தேவையில்லாமல், கணக்கே காவல் நிற்கிறது. எங்கள் ஊர்ப் பால்காரரின் படியில் இல்லாதது இதுதான்: அது கன அளவை மட்டும் அளந்தது, தரத்தை அவருடைய வாய் அளந்தது.

இந்தக் கருவிகள் வருவதற்கு முன்பு, கண்ணாடிக் குழாயில் பாலோடு கந்தக அமிலத்தையும் அமைல் ஆல்கஹாலையும் சேர்த்துச் சுழற்றி, மேலே பிரிந்து நிற்கும் கொழுப்பைக் கோடு பார்த்துக் கணக்கிட்டார்கள் என்று மந்திரி விளக்கினார். தம்முடைய முன்கையில் இருந்த பழைய அமிலத் தழும்பையும் காட்டினார். அப்போது காலைப் பாலுக்கு மாலையிலும், மாலைப் பாலுக்கு மறுநாள் காலையிலும் கையில் ரொக்கம் தருவார்களாம். இப்போது இந்த ஊரில் பத்து நாட்களுக்கு ஒரு முறை வங்கிக் கணக்கில் பட்டுவாடா. 'பணம் பத்திரமாக வருகிறது. ஆனால் சாயங்காலம் எண்ணெய் வாங்க வீட்டுக்காரரிடம் கேட்க வேண்டியிருக்கிறது' என்று வரிசையில் நின்ற ஒரு பெண் சொன்னார். சுற்றியிருந்த பெண்கள் சிரித்தார்கள். மந்திரி சிரிக்கவில்லை.

அந்தச் சிரிப்பின் பின்னால்தான் காலை முழுவதும் சுற்றினேன். அவர் வீட்டுக்குப் போனேன். நிலம் இல்லை, சுர்த்தி இன எருமை ஒன்று, ஒரு கிடாரி. பெரிய நிலக்காரர்களின் வரப்பில் புல் அறுத்துக்கொள்ள அனுமதி உண்டு. அதற்கு ஈடாக அறுவடைக் காலத்தில் கூலியைக் கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டும். கலப்புத் தீவனத்தை சங்கத்திலேயே கடனாக வாங்கிக்கொள்ளலாம்; பால் பணத்தில் கழித்துக்கொள்வார்கள். சினை ஊசி போட ஆள் வீட்டுக்கே வருகிறார். சாணம் அள்ளுவது, தொழுவம் கழுவுவது, கறப்பது, சுமந்து போய் ஊற்றுவது எல்லாம் அவர். உறுப்பினர் அட்டை கணவர் பெயரில். வங்கிக் கணக்கும் அப்படியே. பக்கத்துக் கிராமத்தில் பெண்கள் மட்டுமே உறுப்பினராக உள்ள மண்டலி இருப்பதாகவும், தம்முடைய நாத்தனார் அங்கே குழுவில் இருப்பதாகவும் பெருமையாகச் சொன்னார். சொல்லிவிட்டு, 'எனக்கு அங்கே கல்யாணம் ஆகவில்லையே' என்றார்.

கூட்டுறவு வறுமையை ஒழித்துவிட்டது என்று எழுதுபவர்கள் இந்தத் தொழுவத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருக்க வேண்டும். நிலமுள்ளவர்க்குத் தீவனம் வயலிலிருந்து வருகிறது. நிலமற்றவர்க்கு முதுகிலிருந்து வருகிறது. வரவு ஒரே சீட்டில் அச்சாகிறது, செலவு ஒன்றல்ல. அதே சமயம், இந்தப் பெண்ணிடம் நான் கேட்ட கேள்விக்கு அவர் தந்த பதிலையும் எழுதியாக வேண்டும். எருமை இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டேன். புகையிலை வேலை ஆண்டில் சில மாதங்கள்தான். மற்ற மாதங்களில் கடன்காரர் வீட்டுக்கு நடக்க வேண்டும், இப்போது நடப்பதில்லை என்றார். பத்து நாட்களுக்கு ஒரு முறை தவறாமல் வரும் சிறு தொகைக்கும் ஆண்டுக்கு ஒரு முறை வரும் பெருந்தொகைக்கும் உள்ள வேறுபாடு, கடன் வாங்கிப் பிழைத்தவர்களுக்குத்தான் தெரியும். ஆண்டு இறுதியில் ஒன்றியத்தின் உபரியிலிருந்து ஊற்றிய பாலுக்கேற்ப பாவ்ஃபேர் என்ற கூடுதல் தொகையும் வருகிறது. போன முறை வந்ததில் தொழுவத்துக்குத் தகரக் கூரை போட்டிருக்கிறார். வீட்டுக்கு இன்னும் ஓடுதான்.

மாலையில் மறுபடியும் மண்டலி. குளிரூட்டும் பெரிய தொட்டி, பாலை 4 டிகிரிக்கு இறக்கி வைத்துக்கொண்டு உறுமியது. மூடி தொலைந்த டிபன் பாத்திரத்தோடு அதே சிறுமி. 1.2 கிலோ. வாங்க மறுக்கவில்லை.

மூன்றாம் நாள்: ஆலையும் வாரியமும்

ஆனந்தில் உள்ள ஒன்றியத்தின் ஆலையைப் பார்ப்பது எளிது. பார்வையாளர்களுக்கென்றே வழி அமைத்து, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வெண்ணெய் அட்டைப்பெட்டிக்குள் விழுவதைக் காட்டுகிறார்கள். எனக்கு அதைவிட ஆர்வமாக இருந்தது எருமைப் பால் பவுடரின் கதை. எருமைகள் பெரும்பாலும் மழைக்காலத்தின் பிற்பகுதியில் ஈனுவதால் குளிர்காலத்தில் பால் பெருகும், கோடையில் வற்றும். பம்பாய்த் திட்டம் ஆண்டு முழுவதும் ஏறத்தாழ ஒரே அளவைத்தான் வாங்கும். குளிர்காலத்தில் மிஞ்சும் பாலை உறுப்பினரிடம் வாங்க மறுத்தால் சங்கம் மறுபடியும் பழைய வியாபாரியாகிவிடும். மிஞ்சியதைப் பவுடராகவும் வெண்ணெயாகவும் மாற்றுவதே வழி. ஆனால் எருமைப் பாலைப் பவுடராக்க முடியாது என்பது அன்றைய வெளிநாட்டு வல்லுநர்களின் முடிவு. அவர்கள் நாட்டில் எருமை இல்லை என்பதை அவர்கள் ஒரு காரணமாகக் கருதவில்லை. எச். எம். தலாயா என்ற பொறியாளர் செய்து காட்டினார். யூனிசெஃப் இயந்திரங்கள் தந்தது. 1955 அக்டோபர் 31 அன்று நேரு ஆலையைத் திறந்து வைத்தார்.

இந்த ஆலையோடு பிரிக்க முடியாத பெயர் வர்கீஸ் குரியன். கோழிக்கோட்டில் பிறந்தவர், சென்னை லயோலா கல்லூரியில் இயற்பியலும் கிண்டியில் பொறியியலும் படித்தவர். அரசு உதவித்தொகையில் அமெரிக்கா சென்று திரும்பிய கடனுக்காக 1949 மே 13 அன்று ஆனந்தின் அரசு வெண்ணெய்ப் பண்ணைக்கு வந்து சேர்ந்தார். இறைச்சி உண்ணும் பிரம்மச்சாரிக்கு யாரும் வீடு தரவில்லை. கார் நிறுத்தும் கொட்டகையில் குடியிருந்தார். ஒப்பந்தக் காலம் முடிந்து புறப்பட நின்றவரைத் தடுத்து நிறுத்தியவர் திரிபுவன்தாஸ். எனக்குத் திரிபுவன்தாஸ்மீதுதான் மதிப்பு கூடுகிறது. ஊர் ஊராக நடந்து சங்கங்களைக் கட்டியவர், தமக்குத் தெரியாத வேலையைத் தெரிந்தவரிடம் ஒப்படைத்துவிட்டு, அரசியல் அந்த வேலைக்குள் நுழையாமல் வாசலில் நின்றுகொண்டார். அவர் ஓய்வு பெற்றபோது உறுப்பினர்கள் ஆளுக்கொரு ரூபாய் போட்டுத் தந்த நிதியைக் கிராம மருத்துவத்திற்கான அறக்கட்டளையாக்கினார். இங்கிருக்கும் ஊரக மேலாண்மைக் கழகமான இர்மா 2025-இல் பல்கலைக்கழகமாக மாறியபோது அவர் பெயரைப் பெற்றது.

1964-இல் லால் பகதூர் சாஸ்திரி, கஞ்சரியில் தீவன ஆலையைத் திறக்க வந்தபோது அஜர்புரா கிராமத்தில் ஒரு விவசாயி வீட்டில் இரவு தங்கினார். மண்ணிலோ மழையிலோ எருமையிலோ இந்த மாவட்டத்துக்குத் தனிச்சிறப்பு இல்லை, ஆலை விவசாயிகளுக்குச் சொந்தம் என்பது ஒன்றே வேறுபாடு என்ற முடிவுக்கு அவர் வந்ததாகக் குரியன் பின்னாளில் பலமுறை சொல்லியிருக்கிறார். மறு ஆண்டே தேசியப் பால்வள வாரியம், தில்லியில் அல்ல, ஆனந்தில் அமைந்தது. 1970-இல் வெண்மைப் புரட்சித் திட்டம் தொடங்கியது. ஐரோப்பா இலவசமாகத் தந்த பவுடரையும் வெண்ணெய் எண்ணெயையும் மலிவாகக் கொட்டாமல், பாலாக்கிச் சந்தை விலையில் விற்று, அந்தப் பணத்தில் கிராமச் சங்கங்களைக் கட்டினார்கள். முதற்கட்டத்தில் 18 பால் வளப் பகுதிகள் நான்கு பெருநகரங்களோடு இணைக்கப்பட்டன; அவற்றுள் சென்னையும் ஒன்று. 1950-51-இல் 1.7 கோடி டன்னாக இருந்த நாட்டின் பால் உற்பத்தி 2023-24-இல் 23.9 கோடி டன். இந்த வளர்ச்சி முழுவதையும் கூட்டுறவின் கணக்கில் எழுதுவது நியாயமாகாது. இன்றும் விற்பனைக்கு வரும் பாலில் பெரும்பங்கு தனியார் கையில்தான் இருக்கிறது. ஆனால் சங்கம் உள்ள ஊரில் தனியாரும் சங்கத்தின் விலையைப் பார்த்தே தம் விலையைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

நான்காம் நாள்

பனாஸ்காண்டா மாவட்டத்தின் பாலன்பூருக்குப் பயணம். அகமதாபாத்தைத் தாண்டியதும் பச்சை குறைந்துகொண்டே போகிறது. எழுத வேறொன்றும் இல்லை, பேருந்தில் தூங்கிவிட்டேன்.

ஐந்தாம் நாள்: பனாஸ்காண்டா

சரோத்தரின் வளத்தைப் பார்த்துவிட்டு, மண் நல்லதாக இருந்தால் எதுவும் வளரும் என்று முடிவு கட்டுபவர்கள் இங்கே வர வேண்டும். வடக்கே ராஜஸ்தான், மேற்கே கட்ச் உப்பு வெளி. மழை பொய்ப்பது செய்தியல்ல. கல்பாபாய் படேல் 1969-இல் தொடங்கிய பனாஸ் ஒன்றியம் இன்று நாட்டின் மிகப் பெரிய மாவட்டப் பால் ஒன்றியங்களுள் ஒன்று. பயிர் காய்ந்தாலும் தட்டு மிஞ்சும், தட்டை மாடு தின்னும், மாடு பால் தரும் என்பது இங்குள்ளவர்களின் கணக்கு. காங்கிரேஜ் பசுவின் கொம்பைப் பார்த்துக்கொண்டே கால் மணி நேரம் நின்றேன். பிறை நிலவைத் தலையில் வைத்துக்கொண்டு நடப்பது போல இருந்தது.

டீசாவுக்கு அருகே தாமா என்ற இடத்தில், உறுப்பினர்களிடமிருந்து சாணத்தைக் கிலோ ஒரு ரூபாய்க்கு வாங்கி, அதிலிருந்து வாகன எரிவாயு தயாரித்துச் சாலையோரத்திலேயே விற்கிறார்கள். மிச்சம் உரமாகிறது. ஒரு மாடு நாளொன்றுக்குப் பதினைந்து கிலோவுக்குக் குறையாமல் சாணி போடும். பால் வற்றிய மாட்டுக்கும் இதனால் ஒரு சிறு வருமானம் உண்டு என்பது எனக்குப் புதிய செய்தி. வற்றிய மாட்டைத்தான் எங்கள் ஊரில் முதலில் விற்பார்கள்.

கிராமம் ஒன்றில் கம்பு ரொட்டியும் வெண்ணெயும் கொடுத்தார்கள். அந்த வீட்டில் பதினெட்டு மாடுகள். கணக்கு முழுவதும் மாமியார் பெயரில், மருமகள் கைபேசியில். எவ்வளவு வந்தது என்று மருமகள் படிக்க, மாமியார் தீவனத்துக்கு இவ்வளவு, மருந்துக்கு இவ்வளவு என்று விரல் மடக்கினார். வீட்டு ஆண் வாசலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். சரோத்தரில் நான் பார்த்ததற்கு இது நேரெதிர். இதை வைத்து மாவட்டம் முழுவதும் இப்படித்தான் என்று சொல்ல மாட்டேன்.

கவலை ஒன்றும் இங்கே உண்டு. குதிரை மசாலும் மற்றத் தீவனப் பயிர்களும் ஆழ்துளைக் கிணற்று நீரில்தான் வளர்கின்றன. வட குஜராத்தில் நிலத்தடி நீர் இறங்கிக்கொண்டே போவது பல ஆண்டுகளாகத் தெரிந்த விஷயம். 'என் மாமனார் காலத்தில் கிணறு. என் காலத்தில் போர். இப்போது போர் தோண்டும் லாரிக்காரர் எங்கள் வீட்டு ஆள் மாதிரி' என்றார் மாமியார். தொட்டியில் ஏறும் பாலுக்குச் சீட்டு வருகிறது; அதோடு ஊரைவிட்டுப் போகும் தண்ணீருக்குச் சீட்டு கிடையாது. கொழுப்பைக் கிராம் கணக்கில் அளக்கத் தெரிந்த ஓர் அமைப்பு இதையும் அளக்கத் தொடங்கினால்தான் அடுத்த தலைமுறைக்கு மாடு மிஞ்சும் என்று எனக்குப் படுகிறது. சொட்டு நீர்ப் பாசனம் சில வயல்களில் கண்ணில் பட்டது.

ஆறாம் நாள்: திரும்பும் வழி

சூரத்தைத் தாண்டும்போது அம்மா அழைத்தார். சாப்பிட்டாயா என்ற கேள்வி முடிந்ததும், 'அங்கே லிட்டர் என்ன விலை?' என்றார். லிட்டருக்கு இல்லை, கிலோ கொழுப்புக்கு என்று சொல்லி, அந்த 292 கிராம் கணக்கை ஒரு முறை சொன்னேன். புரியவில்லை என்றார். தண்ணீர் கலந்த பாலின் கணக்கைச் சொன்னதும் அமைதியானார். ரயில் ஒரு பாலத்தின்மேல் ஓடிக்கொண்டிருந்ததால் இணைப்பு அறுந்துவிட்டது என்று நினைத்தேன்.

"அந்த மெஷின்ல நம்ம மயிலை எருமைப் பாலை ஊத்தியிருந்தா எவ்வளவு காட்டியிருக்கும் கண்ணு?"

ஏழுக்குக் குறையாதும்மா என்றேன்.

"எட்டு இருக்கும்" என்றார்.